முப்பத்தோராவது சுருக்கு

மகளின் கல்யாணப் பத்திரிகையோடு இலங்கைக்குப் போன நான், அந்தப் பத்திரிகை இருந்த பையை ஒரு வடைக்காகத் தொலைத்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் அண்ணி வாயிலிருந்து நீங்கள் கேட்டால் இதைவிட மோசமாக இருக்கும்.

நடந்தது பலாங்கொடைக்குப் போகும் வழியில், ஓப்பநாயக்க என்ற ஊரில். பஸ் நின்றது, கண்டக்டர் சிங்களத்தில் ஏதோ சொன்னார், பாதிப் பேர் இறங்கினார்கள். ஜன்னலுக்கு வெளியே கண்ணாடிப் பெட்டி வைத்த தள்ளுவண்டி ஒன்று. உள்ளே ஒவ்வொரு பருப்பு வடை மேலும் ஒரு முழு இறாலை மீசையோடு உட்கார வைத்திருந்தார்கள். கூடலூரில் பல வருஷமாக மெஸ் நடத்துகிறவள் நான். பருப்பும் இறாலும் ஒரே எண்ணெயில் எப்படி ஒன்றாக வேகும் என்ற கேள்வி வந்த பிறகு என்னால் எப்படிச் சீட்டில் உட்கார்ந்திருக்க முடியும்? இறங்கினேன். எவ்வளவு நேரம் ஊறவைத்தது, இறாலை முதலில் வதக்கியதா என்று கை ஜாடையில் விசாரித்து முடிப்பதற்குள் பஸ் போய்விட்டது. கண்டக்டர் ஐந்து நிமிஷம் என்று சொல்லியிருப்பார் போலிருக்கிறது.

வடை நன்றாகத்தான் இருந்தது. உப்பு மட்டும் ஒரு கல் கூட.

போன பையில் பித்தளைத் தாம்பாளம் இருந்தது. நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய பத்திரிகை, பாக்கு, குங்குமம், அண்ணனுக்கு வேட்டி துண்டு, அண்ணிக்குச் சேலை எல்லாம் இருந்தன. எனக்குக் கூடப் பிறந்தவர்கள் கிடையாது. அப்பாவும் அம்மாவும் என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு கப்பலேறி இந்தியா வந்தபோது பெரியப்பா குடும்பம் பலாங்கொடைக்கு மேலே இருக்கும் தேயிலைத் தோட்டத்திலேயே தங்கிவிட்டது. பெரியப்பா மகன் வேலாயுதம்தான் எனக்கு அண்ணன். நேரில் பார்த்தது ஒரே ஒரு தடவை, பல வருஷத்துக்கு முன்னால் அவர் பழனிக்கு வந்தபோது. மற்றதெல்லாம் வாட்ஸ்அப்தான்.

என் மகளுக்குத் தாய்மாமன் என்று அவரை விட்டால் யாரும் இல்லை. மாலை எடுத்துக்கொடுத்து, பெண்ணின் கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்துவர வேண்டியவர் அவர். போனில் கேட்டதற்கு, "வர முடியாதும்மா தங்கச்சி" என்றார். ஏன் என்று கேட்டால் பேச்சை மாற்றினார். எனக்குக் கோபம் வந்தால் காசைப் பார்க்க மாட்டேன். அவர் பெயரைப் பெரிய எழுத்தில் பத்திரிகையில் அச்சடித்தேன். நேரில் போய்த் தாம்பாளத்தை நீட்டினால் எந்த அண்ணன் வேண்டாம் என்பார் பார்ப்போம் என்று கிளம்பிவிட்டேன்.

அடுத்த பஸ் பிடித்துப் பலாங்கொடையில் இறங்கியபோது என்னிடம் கைப்பையும் பாதி வடையும் இருந்தன. பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்ததுமே ஒருவர் சிரித்துக்கொண்டே எதிர்ப்பக்கம் இருந்த ஹார்ட்வேர் கடையைக் காட்டினார். கண்டக்டர் பையைத் திறந்து பார்த்திருக்கிறார். தமிழ் எழுத்தைக் கண்டதும் தமிழ் படிக்கிற கடைக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். கடைக்காரரை ஊரே நானா என்றுதான் கூப்பிடுகிறது. வெள்ளைத் தொப்பி, மூக்குக் கண்ணாடி, முன்னால் ஆணிப் பெட்டிகள். என் பத்திரிகையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்து முடித்திருந்தார்.

"வேலாயுதத்துட தங்கச்சியா நீங்க? வாங்க, இரிங்க. மாப்புள கோயம்புத்தூர்ல என்ஜினியரா?"

"ஆமாங்க."

"சாப்பாடு உங்கட மெஸ்லயா? அப்ப பிரியாணி ஈக்குமா?"

சைவக் கல்யாணம் என்றேன். அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். பிளேன்டீ வரவழைத்துக் கூடவே ஒரு துண்டு கித்துள் கருப்பட்டியும் கொடுத்தார். கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு கறுப்புத் தேநீரைக் குடிக்கும் இந்தப் பழக்கத்தை என் மெஸ்ஸில் கொண்டுவந்தால் எவனும் குடிக்க மாட்டான். எனக்கு மட்டும் பிடித்துவிட்டது.

நான் குடித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு ஆள் வந்து சிங்களத்தில் ஏதோ கேட்டார். நானாவும் சிங்களத்திலேயே பதிலுக்கு ஏதோ கேட்டார். ஆள் முகம் சுருங்கி, கடையை விட்டு இறங்கிப் போய்விட்டார். வியாபாரம் கெட்டுப்போனதில் நானாவுக்கு வருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை.

"மோட்டார் சைக்கிள் க்ளச் கேபிள் மூணு கேட்டாரு. எந்த பைக்குக்கு எண்டு கேட்டேன். ஒரு பைக்குக்கு ஒரு கேபிள்தானே போகும். மூணு நாலு எண்டு கேட்டா அது காட்டுக்கு. பண்டி புடிக்க சுருக்குப் போடுவாங்க. பண்டிக்கு வச்சதுல மரை மானும் மாட்டும், சிறுத்தைப் புலியும் மாட்டும். நான் குடுக்கிறல்ல. இந்த பஜார்ல இப்ப ஒத்தரும் குடுக்கிறல்ல." பிறகு பையை என்னிடம் நீட்டினார். "இத எங்களுக்குச் சொல்லித் தந்ததே உங்கட நானாதான்."

உங்கட நானா என்றால் என் அண்ணன். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

தோட்டத்து பஸ் மலையேறியது. டிரைவருக்கு மேலே புத்தரும் பிள்ளையாரும் ஒரே சீரியல் பல்பில் மின்னிக்கொண்டிருந்தார்கள். சிங்களப் பாட்டு காதைப் பிளந்தது. ஒரு வளைவில் பஸ் மூச்சை விட்டு நின்றுவிட, ஆண்கள் இறங்கித் தள்ளினார்கள். பெண்கள் உள்ளே உட்கார்ந்தபடியே எப்படித் தள்ள வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். நீலகிரியிலும் இதே நிர்வாகம்தான். தோட்டத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. சுருக்கு வைக்கிறவர்களும் படிக்கத் தெரிந்தவர்களாக இருக்கலாம்.

அண்ணி லெட்சுமி பஸ் நிற்கும் இடத்துக்கே வந்திருந்தாள். என்னைவிட ஒரு சாண் குட்டை, குரல் இரண்டு மடங்கு. "வாங்க நாத்துனா! பைய வடைக்காரன்கிட்ட குடுத்துட்டு வந்தீங்களாமே!" என்றாள். நானா போன் பண்ணிவிட்டார்.

தொழிலாளர் வீடுகள் ஒட்டி ஒட்டி வரிசையாக இருக்கும் லயத்துக்கு முன்னால் நீளநீளமாகத் துணிக்கொடிகள். பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. எல்லாக் கொடியும் கம்பி. முழத்துக்கு ஒரு முடிச்சு. ஏன் இத்தனை ஒட்டு என்று கேட்டேன்.

"எல்லாம் காட்டுல எடுத்த சுருக்குதான். முடிஞ்சு முடிஞ்சு கொடியாக்கிட்டோம். இந்த லயத்துல யாரும் இப்ப கயிறு வாங்குறதில்ல" என்றாள் அண்ணி.

அண்ணன் உள்ளே ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார். அறுபதை நெருங்குகிற மனிதர், ஒல்லி, இடதுகைக்காரர். தேங்காய்ப் பூ போட்ட தடித்த ரொட்டி, அம்மியில் அரைத்த கட்டச் சம்பல், நெத்தலிக் கருவாடு, பிஞ்சுப் பலாக்காய்க் கறி. கல்யாணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் நான் நாலு ரொட்டி சாப்பிட்டுவிட்டேன் என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். சம்பலின் காரத்தில் கண்ணில் தண்ணீர் வந்தது. அண்ணன் அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டு தானும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை.

பிறகு முகம் கழுவி, சாமி படத்துக்கு முன்னால் நின்று, தாம்பாளத்தை நீட்டினேன்.

அவர் கையை நீட்டவில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "கோவிச்சுக்காத தங்கச்சி. நான் இதத் தொடக் கூடாது. காட்டுல என் சுருக்கு ஒண்ணு இன்னும் கெடக்கு. அது கெடைக்கிற வரைக்கும் நல்ல காரியத்துல கை வைக்கிறதில்ல, தோட்டத்த விட்டு வெளியூரும் போறதில்ல."

"என் பொண்ணு கல்யாணத்தவிட உங்களுக்குக் கம்பி பெருசாப் போச்சா?" என்று கத்தினேன். பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்தார்கள். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அண்ணிதான் தாம்பாளத்தை என் கையிலிருந்து வாங்கிச் சாமி படத்தின் கீழே வைத்தாள். அன்றைக்கு எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்தே வந்தன. கடல் தாண்டி வந்தது இதற்குத்தானா என்று இருந்தது.

மறுநாள் சனிக்கிழமை. அண்ணி கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு மத்தியானம் வந்ததும் மூவரும் மேலே போனோம். தேயிலை முடியும் இடத்தில் காடு தொடங்குகிறது. நடுவில் நாலடி அகலத்துக்கு ஒரு மண் பாதை, ஒரு புல் இல்லாமல், கல்யாண வீட்டு வாசல் மாதிரி சுத்தமாக இருந்தது. அதற்கு அந்தப் பக்கம் உயரமான மரங்கள், ஈரம், இருட்டு. உள்ளேயிருந்து ஒரு ஓடை இறங்கி வருகிறது. லயத்துக்கும், கீழே இருக்கும் சிங்களக் கிராமத்துக்கும் அதுதான் குடிதண்ணீர். காட்டில் மரம் வெட்டத் தொடங்கிய காலத்தில் ஓடை சேறாகி, அப்புறம் நூலாகிப் போனதாம். இப்போது கணுக்கால் அளவு ஓடுகிறது. குனிந்து குடித்தேன். பல் கூசியது.

அங்கேதான் கதை வெளியே வந்தது. அண்ணன் ஒரு காலத்தில் பன்றிக்குச் சுருக்கு வைத்தவர். இறைச்சிக்கு ஆள் வந்து வாங்கிப்போகும். ஒரு நாள் அவர் சுருக்கில் சிறுத்தை மாட்டியது. மயக்க ஊசியோடு டாக்டர் வந்து சேர்வதற்குள் இடுப்பு அறுபட்டுச் செத்துப்போனது. அண்ணன் தானாகவே போய் என்னுடையதுதான் என்று சொல்லி, கோர்ட்டு கொடுத்த தண்டனையை அனுபவித்துவிட்டு வந்தார்.

"அது என்னையப் பாத்துக்கிட்டே இருந்துச்சு தங்கச்சி. வேற என்ன சொல்ல" என்றார்.

அவர் உள்ளே இருந்த நாட்களில் லயத்துப் பெண்கள் கூடிப் பேசி, இனி இந்தக் காட்டை நாமே பார்த்துக்கொள்வது என்று முடிவெடுத்திருக்கிறார்கள். காட்டில் எப்படித் தேடுவது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை. கொழுந்து பறிக்கிற மாதிரியே போனார்கள். தேயிலையில் ஆளுக்கொரு நிரை பிடித்து, தோளோடு தோளாக, ஒரு செடி விடாமல் ஏறுவார்கள் அல்லவா, அதே மாதிரி காட்டுக்குள்ளும் நிரை பிடித்திருக்கிறார்கள். செடியின் மேல்மட்டம் பார்க்க வைக்கும் மட்டக்கம்புதான் கையில். அதால் சருகைக் கிளறிப் பார்க்க வேண்டியது. முதல் நாளே கூடை நிறையச் சுருக்கு.

"அதோட விட்டிருந்தா நல்லவளுங்க" என்றார் அண்ணன்.

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "கையி சும்மா இருக்குமா? எத்தன வருசமா புல்லுப் புடுங்குன கையி. சுருக்கையும் எடுத்தோம், கீழ மொளச்சிருந்த புல்லு, கன்னு எல்லாத்தையும் சேத்துப் புடுங்கி மூல மூலையா குவிச்சு வச்சிட்டோம். காடு அம்புட்டு சுத்தம்! பாரஸ்ட் ஆபீசர் மஹத்தயா பாக்க வந்தாரு. பாராட்டுவாருன்னு நின்னுக்கிட்டிருந்தோம். தலையில கைய வச்சுக்கிட்டு அப்படியே உக்காந்துட்டாரு. நெதுன் கன்னு, அதுலயும் நல்ல நல்ல கன்னு, அம்புட்டும் குவியல்ல கெடந்துச்சு."

நெதுன் என்றால் அங்கே தேக்குக்கு மேலே மதிப்புள்ள மரம். மரம் திருடுகிறவர்கள் தேடி வருவதே அதற்காகத்தான். கன்றுகளையெல்லாம் அவர்களே மறுபடியும் நட்டிருக்கிறார்கள். பாதி பிழைத்ததாம். காட்டுக்குள் புல் பிடுங்கக் கூடாது என்று அன்றைக்குப் போட்ட சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. கை அரிக்கிறவர்களுக்காகத்தான் எல்லையில் அந்த நாலடிப் பாதை. எவ்வளவு வேண்டுமானாலும் சுத்தம் செய்யலாம். யார் காட்டுக்குள் நுழைந்தாலும் ஈரமண்ணில் தடம் விழும். காலையில் கொழுந்துக்கு ஏறுகிறவர்கள் தடம் பார்த்தால் உடனே போன் போய்விடும்.

"ஆனா என் சுருக்குக்கு அடையாளம் போச்சே" என்றார் அண்ணன். ஒவ்வொரு சுருக்குக்கும் அஞ்சு எட்டு வைக்கிற தூரத்தில், இரண்டு கன்றுகளின் நுனியைச் சேர்த்து முடிச்சுப் போட்டு வைப்பது அவர் வழக்கம். மொத்தம் முப்பத்தொன்று வைத்திருந்தார். பெண்கள் எடுத்தது போக மிச்சத்தை அவரே ஞாபகத்தில் தேடி எடுத்தார். முப்பது வந்தது. கடைசி ஒன்றின் கன்றுகளை யாரோ பிடுங்கிக் குவியலில் போட்டுவிட்டார்கள்.

"இடம் ஞாபகம் இல்லையாண்ணே?"

"காட்டுல எடம் ஏது தங்கச்சி? அடையாளந்தான் எடம். அந்த அடையாளத்தத்தான் உங்க அண்ணி களையின்னு புடுங்கிட்டா."

"நான்தான் புடுங்கினேன்னு எங்க எழுதியிருக்கு?" என்றாள் அண்ணி. இந்தச் சண்டை அவர்கள் வீட்டில் தினமும் நடக்கும் போலிருக்கிறது. இரண்டு பேருக்குமே மூச்சு வாங்கவில்லை.

திரும்பும் வழியில் முனியாண்டியைப் பார்த்தோம். மரம் ஏற்ற லாரி வந்துபோன பழைய தடத்தில், சரியாக நடுவில், ஒரு ஆள் உயரக் கல்லை நட்டு, சூலம் குத்தி, மஞ்சள் துணி கட்டியிருந்தார்கள். இதுவும் பெண்கள் வேலைதான். கல்லைச் சுமந்து வந்தது கீழ்க் கிராமத்து குணே. வெற்றிலை போட்ட வாய், பெரிய மீசை. நாங்கள் போனபோது முனியின் முன்னால் பூ வைத்துக்கொண்டிருந்தார். அவர் சிங்களத்தில் சொன்னதை அண்ணி தமிழில் சொன்னாள்: "ஆபீசருக்கு லீவு இருக்கு, மாறுதல் இருக்கு. இவருக்கு ரெண்டும் கிடையாது." முனி வந்த பிறகு எந்த லாரி டிரைவரும் அந்தத் தடத்தில் வண்டியை விடவில்லையாம். முனிக்குப் பின்னால் யாரும் கால் வைப்பதில்லை, அது அவர் ஓடுகிற பாதை என்று அண்ணி எச்சரித்தாள். கூடலூரில் எங்களுக்கு யானை வந்தால் வனத்துறைக்குப் போன் போடத் தெரியும். போட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளவும் தெரியும். அதற்கு மேல் எதுவும் செய்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. இருபது பெண்கள், ஏழெட்டு ஆண்கள், குணேயும் அவர் ஊர்க்காரர்கள் சிலரும் வந்திருந்தார்கள். அண்ணி எனக்குத் தார்ப்பாய்த் துண்டை இடுப்பில் சுற்றிவிட்டாள். படங்கு என்பார்கள், ஈரம் ஏறாமல் இருக்கக் கொழுந்துக்காரர்கள் கட்டுவது. அட்டை ஏறாமல் காலில் சவர்க்காரம் தேய்த்து, அண்ணனின் பழைய ரப்பர் பூட்ஸில் என்னை இறக்கினார்கள். என் காலுக்கு இரண்டு அளவு பெரிது. நடந்தால் டொப் டொப் என்று சத்தம். "பன்னியெல்லாம் இந்தச் சத்தத்துலயே ஓடிரும்" என்றாள் ஒருத்தி.

எல்லையில் வரிசையாக நின்றார்கள். "பொலியோ பொலி!" என்று அண்ணி குரல் கொடுக்க, மற்றவர்களும் சேர்ந்து "பொலி பொலி!" என்றார்கள். கொழுந்தில் முதல் கை வைக்கும்போது சொல்கிற வார்த்தை. கொழுந்து பெருக வேண்டும் என்று சொல்வது, இங்கே எதைப் பெருகச் சொல்கிறார்கள் என்று கேட்டேன். "காடுதான்" என்றாள் அண்ணி, இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி.

எனக்கு ஒரு நிரை கொடுத்தார்கள். வலப்பக்கம் அண்ணி, இடப்பக்கம் குணே. கம்பால் சருகைத் தள்ளு, கொடியை விலக்கு, ஒரு எட்டு வை. யாராவது பின்தங்கினால் மொத்த வரிசையும் நிற்கும். முக்கால்வாசி நேரம் நின்றது என்னால்தான். வரிசையின் கடைசியில் அண்ணன் ஒருவர் மட்டும் பேச்சில்லாமல், முழங்காலில் உட்கார்ந்து உட்கார்ந்து தேடினார். மற்றவர்கள் ஒரு தடவை பார்த்த இடத்தை அவர் இரண்டு தடவை பார்த்தார். எத்தனை ஞாயிற்றுக்கிழமை இப்படிப் போயிருக்கும் என்று நினைத்ததும் வந்த அன்றைக்குக் கத்தியதற்காக எனக்கு வெட்கமாக இருந்தது.

முனி இருந்த இடத்தில் வரிசை இரண்டாகப் பிரிந்து, அவரைச் சுற்றி வளைந்து, மேலே போய்ச் சேர்ந்துகொண்டது. நானும் வளைந்திருக்க வேண்டும். ஆனால் முனிக்குப் பின்னால் தரையில் மஞ்சள் மஞ்சளாக ஏதோ கிடந்தது. கொறுக்காய்! எங்கள் ஊரில் குடம்புளி என்று யானை விலை சொல்கிற சாமான். அதைப் போட்டு வைக்கிற மத்தி மீன் குழம்புக்காகவே என் மெஸ்ஸுக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அது இங்கே மண்ணில் கிடந்து அழுகுகிறது. முனி, பாதை, எச்சரிக்கை எல்லாம் மறந்துபோய் டொப் டொப் என்று உள்ளே போனேன். இரண்டு காயை எடுத்து மடியில் போட்டேன். மூன்றாவதற்குக் கையை நீட்டினேன். இடது கால் வரவில்லை.

இழுத்தேன். இன்னும் இறுகியது. கொடிகளுக்குள்ளிருந்து ஒரு கம்பி பூட்ஸைச் சுற்றிக்கொண்டிருந்தது. நான் போட்ட சத்தத்தில் பறவைகள் கிளம்பின. அப்படியே சறுக்கி, குடம்புளி மேல் உட்கார்ந்தேன்.

முதலில் ஓடி வந்தது குணே, கையில் கம்போடு. என்னைப் பார்த்ததும் நின்று ஏதோ சொல்ல, பின்னால் வந்தவர்கள் கெக்கலித்தார்கள். "சத்தத்தைக் கேட்டு இவ்வளவு பெரிய பன்றி இந்தக் காட்டில் ஏது என்று நினைத்தேன்" என்றாராம். பெண்கள் முனிக்குப் பின்னால் வரத் தயங்கி, கன்னத்தில் போட்டுக்கொண்டு நின்றார்கள். அண்ணன் தயங்கவில்லை. செருப்பை உதறிவிட்டு நேராக வந்து, என் காலைக்கூடப் பார்க்காமல், கம்பி மரத்தைச் சுற்றியிருந்த இடத்தில் பாசியைச் சுரண்டினார். முறுக்கு, இடதுகைக்காரர் போடுகிற மாதிரி, இடப்பக்கமாகப் போயிருந்தது. மூன்று சுற்று.

"என்னுதுதான்" என்றார்.

அடுத்து அவர் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. அங்கேயே மண்டியிட்டு, இரண்டு கையாலும் சருகை வாரத் தொடங்கினார். மரத்தைச் சுற்றி, என் காலைச் சுற்றி, வேர் இடுக்கெல்லாம். சிரிப்புச் சத்தம் நின்றுபோனது. எலும்பைத் தேடுகிறார் என்று எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது. இத்தனை நாளும் அவர் பயந்தது கம்பிக்காக இல்லை. அதில் ஏதாவது மாட்டிக் கிடந்து, யாரும் வராமல் செத்திருக்குமோ என்றுதான். நானும் குனிந்து என் பக்கத்துச் சருகை விலக்கினேன். அண்ணியும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்தாள், முனி என்ன செய்தாலும் செய்யட்டும் என்று.

ஈர மண், புழு, குடம்புளிக் கொட்டை. வேறு எதுவும் இல்லை. ஒரு முள் அளவு எலும்புகூட இல்லை.

"ஒண்ணும் மாட்டல" என்றார் அண்ணன். அண்ணி பக்கம் திரும்பி மறுபடியும் சொன்னார். "ஒண்ணுமே மாட்டல லெட்சுமி."

"ஏன் மாட்டல? இந்தா ஒண்ணு மாட்டியிருக்கே, முழுசா!" என்று அண்ணி என்னைக் காட்டினாள். அண்ணன் அப்போதுதான் என்னைப் பார்த்தார். அழுதுகொண்டே சிரித்தார். சிரித்துக்கொண்டே என் காலைப் பூட்ஸிலிருந்து உருவி எடுத்தார். பூட்ஸ் மட்டும் சுருக்கில் தொங்கியது. அவரைக் கட்டிக்கொண்டு நானும் அழுதேன். இந்தத் தடவை காரணம் சம்பல் இல்லை.

முனியின் பாதைக்குள் போனதற்காக என்னை யாரும் திட்டவில்லை. "அவருதான் அது மேல குந்திக்கிட்டு இம்புட்டு நாளும் ஒரு பிராணிய அண்ட விடல" என்றாள் ஒருத்தி. குணே அதை ஒப்புக்கொண்டு, மடியிலிருந்து வெற்றிலையை எடுத்து முனிக்கு முன்னால் வைத்தார். நானும் பொறுக்கிய குடம்புளியில் ஒன்றை வைத்தேன். மிச்சத்தைக் கொண்டுவந்துவிட்டேன், அதை ஏன் மறைக்க வேண்டும்.

பொழுது இருக்கும்போதே இறங்கினோம். லயத்து வாசலில் கம்பியை நேராக்கி, மற்றதோடு முடிந்து, கொடியை வேலி வரைக்கும் நீட்டினார்கள். அதில் முதலில் காயப்போட்டது சேறும் புளியுமாக இருந்த என் சுரிதாரை. அண்ணியின் சேலையில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

அண்ணன் குழாயடியில் கை கழுவினார். சவர்க்காரம் போட்டு, நகத்துக்குள் எல்லாம் தேய்த்து, முழங்கை வரைக்கும். மறுபடியும் முதலிலிருந்து. "ஓடையே வத்திப்போகும், வாங்க!" என்று அண்ணி கத்தினாள். துண்டில் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து, சாமி படத்துக்கு முன்னால் நின்று, "குடு தங்கச்சி" என்று இரண்டு கையையும் நீட்டினார். தாம்பாளத்தைக் கொடுத்தேன். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பத்திரிகையைப் பிரித்துத் தன் பெயரைத் தேடிப் பிடித்துப் படித்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"கூடலூர்ல காடு இருக்குல்ல?"

"வீட்டுக்குப் பின்னாலயேண்ணே."

"அங்க சுருக்கு வைக்கிறாங்களா?"

நாற்பது வருஷத்துக்கு மேலாக அந்தக் காட்டைப் பார்த்துக்கொண்டுதான் பாத்திரம் கழுவுகிறேன். ஒரு நாளும் யாரிடமும் இதைக் கேட்டதில்லை. தெரியாது என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. "இருக்கும்ணே" என்றேன்.

"அப்ப நாலு நாளு முன்னாடியே வாறோம்" என்றார் அண்ணன்.

அண்ணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "பிளேன்ல மட்டக்கம்ப ஏத்த விடுவாங்களா நாத்துனா?"